பிரித்துத் தைத்த வரிசைகள்

பெய்யவும் மனமின்றிப் போகவும் மனமின்றி மூன்று நாளாய் ஊரின் மேல் தங்கிவிட்ட கருமுகில், கூரைகளின் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமைப் பிற்பகல் அது. மணி மூன்றுதான், ஆயினும் கடைத்தெருவில் விளக்கேற்றிவிட்டார்கள். பள்ளியின் பெருங்கதவு பூட்டிக் கிடந்தது. அதன் எதிரே, பிள்ளைகள் சாலையைக் கடப்பதற்கென்று தீட்டிய வெள்ளைக் கோடுகள் சக்கரங்களால் தேய்ந்து பாதிக்கு மேல் மறைந்துபோயிருந்தன. அக்கோடுகளுக்கு நேர் எதிரே ஓர் அடுமனை. அடுமனையை ஒட்டி ஒரு தையற்கடை. தையற்கடையின் உள்ளிருந்து மேலேறும் பதினாறு மரப்படிகளைக் கடந்தால், தெருவை நோக்கிய இரண்டு பலகணிகளோடு ஒரு நீண்ட அறை. படிப்போரே, நம் கதை அந்த அறையில் நடப்பது. ஆயினும் தெருவை உமக்கு முதலில் காட்டியது வீணுக்கன்று; உள்ளே இருந்த நால்வரும் அன்று தெருவை மறந்திருந்தார்கள்.

அறையின் நடுவே, கட்டிலளவு அகன்று, நான்கு கால்களின் மேல் நின்றது ஒரு தையற்சட்டம். ஆண்டுக்கு ஒன்றாக அவர்கள் தைக்கும் ஒட்டுப்போர்வை அதன் மேல் மூன்று அடுக்காய் இழுத்துக் கட்டப்பட்டிருந்தது: அடியில் பருத்தித் துணி, நடுவில் பஞ்சு, மேலே கையகலச் சதுரங்களாய் வெட்டி இணைத்த பழந்துணிகள். பழந்துணி என்று நான் எளிதாய்ச் சொல்லிவிட்டேன். அவற்றுள் ஒன்று ஒரு மகள் முதன்முதல் பள்ளிக்கு அணிந்துபோன பாவாடை, ஒன்று இறந்துபோன கணவன் விட்டுச்சென்ற கோடிட்ட மேற்சட்டை, ஒன்று யாருக்கும் பிடிக்காமல் போனதால் கிழியாமலே பிழைத்த திரைச்சீலை. மூன்று அடுக்கையும் ஒன்றாய்ப் பிணைக்கச் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்து, அந்தக் கோட்டின் மேலேயே ஓட்டுத்தையல் இட்டுக்கொண்டு போகவேண்டும். ஒரு கை சட்டத்தின் மேலே, மறு கை அடியே. ஊசி பஞ்சைத் துளைத்து மறுபுறம் வரும்போது விரல்நுனிக்கு மட்டும் தெரியும் ஒரு சிறு குத்து. கண்ணும் கையும் வேலையில் கட்டுண்டு கிடக்க, வாய் மட்டும் அவிழ்த்துவிட்ட கன்றாய்த் திரியும் அந்த இன்பத்தை, நால்வர் கூடிப் போர்வை தைத்தவர்களே அறிவார்கள்.

நால்வரையும் சொல்லிவிடுகிறேன். அறைக்கு உரியவள் தையற்காரி. நாற்பதை எட்டாதவள், ஒன்பது வயது மகளுக்குத் தாய், வீடு அங்கிருந்து ஒரு மைல் தள்ளி. மூத்தவர் ஊர் நூலகத்தின் பொறுப்பாளர், குறைவாகப் பேசி, பேசியதோடு பேச்சை முடித்துவைப்பவர், எல்லோருக்கும் நூலகத்தம்மா. மூன்றாமவள் பக்கத்து அடுமனைக்காரி; அவளுக்கு வாய் மூடுவது உறங்கும்போது மட்டும் என்பார்கள், அதையும் அவள் கணவர் ஒப்புக்கொள்வதில்லை. நான்காமவளைத் தையற்காரியும் அடுமனைக்காரியும் அக்கா என்றே அழைத்தார்கள். கணவன் இறந்த மறுமாதமே அவன் ஓட்டிவந்த சிற்றுந்தின் சுக்கானைத் தான் பற்றி, பதினெட்டு ஆண்டுகளாய்ப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கி, ஒரு கீறலும் படாமல் பிழைத்துவந்த ஓட்டுநர் அவள்.

“அக்கா, நீங்க தைக்கிற வேகத்துக்கு வேன் ஓட்டுனா, பிள்ளைங்க ஸ்கூல் வாசலுக்குப் போறதுக்குள்ள கல்யாண வயசு வந்துடும்,” என்றாள் அடுமனைக்காரி.

“உன் அடுப்புல ஒரு ரொட்டி வேகுறதுக்குள்ள நான் ஊரையே ரெண்டு சுத்து சுத்திட்டு வந்துடுவேன். வாயை மூடிட்டுத் தைடி,” என்றாள் ஓட்டுநர், பிறகு நூலை நீவியவாறே, “வாரத்துல இந்த ரெண்டு மணி நேரந்தான் எனக்கு ஆரனும் கிடையாது, பிரேக்கும் கிடையாது. இதையும் பேசிப் பேசியே கெடுத்துடாத,” என்றாள்.

ஐந்து மணி அடித்ததும் அவள் எழுந்துவிடுவாள். இசை வகுப்பு முடிந்து நிற்கும் பிள்ளைகளை வீடு சேர்க்கும் கடமை அவளுக்கு உண்டு. மற்ற மூவரும் இன்னும் சற்றுநேரம் இருந்து, நூலையும் துணியையும் ஒதுக்கிவிட்டுப் போவது வழக்கம். அன்றும் அப்படியே அவளுடைய வண்டி கிளம்பிச் சென்ற பின், சட்டத்தைச் சுற்றிவந்த தையற்காரி அவளுடைய பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டாள்.

வலமிருந்து இடமாய் ஓடிவந்த வரிசை ஒரு முழம் வரையில் குறையின்றி இருந்தது. அதன்பின் சுண்ணக்கோட்டை விட்டு விலகி, ஒரு விரல் அகலம் கீழிறங்கி, அடுத்த சதுரத்துக்குள் புகுந்து எங்கோ போயிற்று. இடக்கோடியில் இருந்த சதுரத்திலோ ஊசியே படவில்லை. அங்கே ஒரு சதுரம் இருப்பதையே அறியாதவள் போல, அதற்கு முன்னாலேயே நூலை முடிந்து நறுக்கியிருந்தாள். மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

“அசதியா இருக்கும். விடியறதுக்கு முன்னாடியே எந்திரிக்கிறா,” என்றார் நூலகத்தம்மா.

“இந்த வருசப் போர்வை அக்காவுக்குத்தான். அவங்க வீட்டுக்குப் போற போர்வையில அவங்க தையலே கோணிக்கிட்டு நின்னா, பார்த்துப் பார்த்தே மனசு ஒடைஞ்சுபோயிடும்,” என்றாள் அடுமனைக்காரி.

நூலகத்தம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பிரிச்சுத் தைச்சிடுங்க. அவகிட்டச் சொல்ல வேணாம்.”

பேச்சு அதோடு முடிந்தது. தையற்காரி சிறுகத்தரியை எடுத்து, தோழியின் தையலை ஒவ்வொன்றாய் அறுத்து, நூலை உருவி, பழைய துளைகள் தெரியாதபடி நகத்தால் துணியை நீவிவிட்டு, சுண்ணக்கோட்டின் மேல் மீண்டும் தைத்தாள். அதிலும் ஒரு நுணுக்கம் இருந்தது. கையெழுத்தைப் போலவே தையலும் ஆளுக்கு ஆள் வேறு. ஓட்டுநரின் தையல் சற்றே நீண்டு, வலப்பக்கம் ஒரு மயிரிழை சாயும். தையற்காரி தன் கையின் பழக்கத்தை மறந்து, அந்த நீளத்தையும் அந்தச் சாய்வையும் அப்படியே போட்டாள். போட்டு முடித்தபோது அவளுக்கே தன் திறமையில் சிறிது பெருமை உண்டாயிற்று.

அடுத்த சனிக்கிழமை ஓட்டுநர் வந்தாள். உட்காருமுன் முந்தைய வரிசையைக் குனிந்து பார்த்து, அதன் மேல் உள்ளங்கையால் ஒருமுறை நீவுவது அவளுக்கு வழக்கம். நீவினாள், முகம் மலர்ந்தது. “பாருங்க, நூல் புடிச்ச மாதிரி நேரா போயிருக்கு. என் கை இன்னும் போகல,” என்றாள். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு புன்னகைத்தார்கள். அந்தப் புன்னகையை நீர் நினைவில் வைக்க வேண்டா. அதை நினைந்து நினைந்து வருந்துவதற்கு அவர்களே இருக்கிறார்கள்.

திங்கள்கள் கழிந்தன. முதலில் கால்மணி நேரம் பிடித்த அந்த மறைவேலை, பிறகு அரைமணி ஆயிற்று, பிறகு ஒன்றரை மணி நேரத்துக்கு நீண்டது. ஓட்டுநரின் இட முழங்கை சுண்ணப்பெட்டியைத் தட்டிவிடுவதும், இடப்பக்கம் வைத்த தேநீர்க் குவளையை அவள் அறியாமல் சாய்த்துவிடுவதும் வாடிக்கையாயின. இடப்பக்கத்திலிருந்து யாரேனும் பேசினால் திடுக்கிட்டு, கழுத்தை முழுவதும் திருப்பித் தேடுவாள். அவற்றையெல்லாம் நால்வரும் கேலியாக்கிக்கொண்டார்கள். “அக்காவுக்கு இப்பல்லாம் வலதுகைப் பக்கத்து ஆளுங்களதான் புடிக்குது,” என்று அடுமனைக்காரி சொன்னபோது எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவள் ஓட்டுநர்தான். ஆனால் கீழே நின்றிருந்த சிற்றுந்தின் இடப்புறத்தில், பதினெட்டு ஆண்டுகளாய் இல்லாத ஒரு கீறல் விழுந்திருந்தது. சின்னாளில் அதன் பக்கத்தில் மற்றொன்று. பின்பு அந்தப் பக்கத்துக் கண்ணாடி உடைந்து, கம்பியால் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

தையற்காரிக்கு உண்மை விளங்கியது ஒரு புதன்கிழமைக் காலையில். பலகணியருகே நின்று ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவள், ஓட்டுநரின் வண்டி தெருமுனையில் திரும்பிப் பள்ளியை நோக்கி வரக் கண்டாள். அதன் இடப்புறமாய் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த முதியவர் ஒருவர், வண்டி தம்மை நெருக்கிக்கொண்டே வருவதைக் கண்டு, மிதிவண்டியைப் போட்டுவிட்டு அடுமனையின் படியில் தாவி ஏறினார். வண்டி நிற்கவில்லை. ஓட்டுநரின் தலை திரும்பவுமில்லை. தன் எதிரே உள்ள சாலையை அமைதியாய் நோக்கியவாறே அவள் பள்ளி வாயிலுக்குப் போய்விட்டாள். குறை கையில் இல்லை, கண்ணில் என்பது அப்போது தையற்காரியின் நெஞ்சில் குளிர்ந்துபோய் இறங்கிற்று. அந்த வண்டிக்குள் பன்னிரண்டு பிள்ளைகள் இருந்தார்கள்; அவர்களுள் ஒருத்தி அவளுடைய மகள்.

அன்று மாலையே அவள் மற்ற இருவரிடமும் சொன்னாள். அடுமனைக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். நூலகத்தம்மா சட்டத்தில் மீதியிருந்த வரிசைகளை எண்ணிவிட்டு, “வேனை விட்டா அவளுக்கு வேற பொழப்பு இல்ல. இன்னும் ரெண்டு வரிசைதான் பாக்கி. போர்வை முடியட்டும். அதை அவ கையில குடுத்துட்டு, பக்குவமா நானே சொல்றேன்,” என்றார். பக்குவம் என்ற சொல் எத்தனை கோழைத்தனத்துக்கு நல்ல போர்வையாகிறது! அந்த இரண்டு வரிசைகளும் ஆறு வாரம் ஆகியும் முடியவில்லை. முடிப்பதற்கு எவருடைய கையும் விரையவில்லை.

ஆனால் தையற்காரி ஒன்று செய்தாள். அந்தப் பேச்சுக்கு மறுநாளே ஓட்டுநரிடம் சென்று, “அக்கா, நாளையிலேர்ந்து பாப்பா நடந்தே போகட்டும். தினம் நடக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு,” என்றாள்.

“நடக்கட்டும், நல்லதுதானே. ஆனா அந்த ஜன்னலோர சீட்டை யாருக்கும் தரமாட்டேன். கால் வலிச்சா வந்து ஏறிக்கச் சொல்லு,” என்றாள் ஓட்டுநர்.

தன் பிள்ளையை இறக்கிக்கொண்டு மற்றப் பதினொரு பிள்ளைகளை அந்த வண்டியிலேயே விட்டுவைத்தவளைத் தீயவள் என்று எழுதிவிட்டு நான் கடந்து போயிருப்பேன். போக முடியவில்லை. நாள்தோறும் எட்டரை மணிக்கு அவள் பலகணிக் கம்பியைப் பற்றிக்கொண்டு நிற்பாள். வண்டி பிள்ளைகளை இறக்கிவிட்டுத் தெருவைக் கடந்து மறையும் வரையில் கம்பியை விடமாட்டாள். மறைந்த பின்பு வந்து அமர்ந்து, பிறருடைய சட்டைகளுக்குப் பொத்தான் வைப்பாள். அக்காவின் பிழைப்பைக் கெடுக்கும் சொல்லைத் தன் வாயால் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. அதனினும் அஞ்சத்தக்க ஒன்று இருந்தது: இத்தனை நாளும் உம்மை ஏமாற்றிவந்தோம் என்பதையும் அதனோடு சேர்த்தே சொல்லவேண்டும். இன்று போகட்டும், நாளை சொல்வோம் என்று தள்ளித் தள்ளி, ஒவ்வொரு காலையும் பதினொரு உயிர்களைப் பணயம் வைத்துக்கொண்டிருந்தாள். அவளை நினைத்து எனக்குச் சினமும் வருகிறது, இரக்கமும் வருகிறது. இரண்டையும் பிரிக்க என்னால் ஆகவில்லை.

அந்த வெள்ளிக்கிழமையும் வந்தது. பள்ளிவிட்ட நேரம், தேய்ந்த வெள்ளைக் கோடுகளின் அருகே, அடுமனைப் பக்கத்தில் வண்டி நின்றது. ஏறவந்த சிறுமி ஒருத்தியின் நீர்க்குப்பி நழுவி உருண்டு, வண்டியின் முன் இடச்சக்கரத்தின் அடியில் போய்த் தங்கியது. அவள் அதை எடுக்கக் குனிந்தாள். ஓட்டுநர் முன்னே பார்த்தாள், வலப்புறம் பார்த்தாள், இடப்புறமும் பார்த்தாள், எல்லோரும் ஏறிவிட்டார்கள் என்று வண்டியை எடுத்தாள். கடைவாயிலில் ரொட்டித்தட்டோடு நின்ற அடுமனைக்காரி தட்டை எறிந்துவிட்டு, தன் வாழ்நாளில் எழுப்பாத ஓர் ஓலத்தோடு பாய்ந்து, சிறுமியின் சட்டையைப் பற்றி இழுத்தாள். சிறுமி வந்துவிட்டாள். தோளிலிருந்து கழன்ற பள்ளிப்பை வரவில்லை. சக்கரம் அதன் மேல் ஏறி நின்றது. “பார்த்தேனே... ரெண்டு பக்கமும் பார்த்தேனே,” என்று ஓட்டுநர் சொல்லிக்கொண்டே இருந்தாள். பிள்ளைதான் குறுக்கே புகுந்துவிட்டது என்று கூடியவர்கள் அவளைத் தேற்றினார்கள்.

மறுநாள் மூன்று மணிக்கு, யாரும் எதிர்பாராதபடி, அவள் பதினாறு படிகளையும் ஏறி வந்தாள். ஊசியைக் கேட்கவில்லை. நேராய்த் தன் பக்கத்துக்குச் சென்று, முந்தைய வரிசைகளின் மேல் முகம் படுமளவு குனிந்து, ஒவ்வொன்றாய் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள். பிறகு நிமிர்ந்தாள். அவள் கண்கள் சிவந்திருந்தன. ஆனால் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். என் கண்ணுல ஏதோ கோளாறுன்னு எனக்கே ரொம்ப நாளா ஒரு உறுத்தல். ஆறு மாசத்துக்கு முன்னாடியே கண் ஆஸ்பத்திரியில நாள் குறிச்சு வாங்கிட்டேன். அதுக்கு முந்தின சனிக்கிழமை இங்க வந்து என் வரிசையைப் பார்த்தேன். கண்ணு கெட்டவ இப்படித் தைப்பாளா? போகவே இல்ல. அதுக்கப்புறம் எப்ப பயம் வந்தாலும் இதைத்தான் வந்து பார்ப்பேன். பார்த்தா பயம் போயிடும்.” அவள் சட்டத்தின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள். “இன்னிக்கும் அதுக்குத்தான் வந்தேன். நேராத்தான் இருக்கு. அப்ப நேத்து தப்பு என் கண்ணுல இல்ல. நீங்களே சொல்லுங்க, திங்கக்கிழமை நான் வேன் எடுக்கலாந்தானே?”

நூலகத்தம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். வாய் ஓயாத அடுமனைக்காரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்பென்று எண்ணித் தாங்கள் இட்ட ஒவ்வொரு தையலும், அவளை மருத்துவரின் வாயிலிலிருந்து திருப்பியனுப்பிய கையாக இருந்ததை மூவரும் ஒரே நேரத்தில் கண்டார்கள்.

“எடுக்காதீங்கக்கா,” என்றாள் தையற்காரி. “அது உங்க தையல் இல்ல. நான் போட்டது.”

ஓட்டுநர் சிரித்தாள். “என் தையல் எனக்குத் தெரியாதா? நீளமா இருக்கும், வலப்பக்கம் சாயும்.”

“அதே மாதிரிதான் போட்டேன். நீங்க போனதும் உங்களோடதைப் பிரிச்சுட்டுப் போட்டேன்.”

சிரிப்பு அவள் முகத்தில் சற்றுநேரம் தங்கியிருந்து, பிறகு எங்கே போவதென்று தெரியாமல் போயிற்று. அவள் மற்ற இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர்கள் மறுக்கவில்லை.

“எத்தனை நாளா?”

“ஏழு மாசமா.”

“பாப்பாவை நடக்கச் சொன்னது டாக்டர் இல்லையா?”

“இல்லக்கா.”

ஓட்டுநர் மெல்லத் தலையசைத்தாள். “உன் பொண்ணை மட்டும் எறக்கிக்கிட்ட. மீதிப் பதினோரு பேரை எங்கிட்டயே விட்டுட்ட.” அவள் குரல் உயரவில்லை, உயர்ந்திருந்தால் தாங்கியிருப்பார்கள். “நானும் பெத்தவதான்டி. எங்கிட்டச் சொல்லியிருந்தா அன்னிக்கே சாவியைக் குடுத்திருப்பேனே.”

இடுப்பிலிருந்து வண்டியின் சாவியை எடுத்துப் போர்வையின் மேல் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். வாயிலைக் கடக்கையில் அவளுடைய இடத்தோள் நிலையில் மோதிற்று. பல திங்களாய் மோதிவந்த தோள்தான். அன்று மட்டும் எவரும் அதைக் காணாததுபோல் இருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கண் மருத்துவமனைக்கு அவள் தனியே புறப்பட்டாள். தையற்காரி அழையாமலே உடன் சென்று, அவளுக்கு ஓர் இருக்கை தள்ளி அமர்ந்தாள். வெண்கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து, ஒளிப்புள்ளி தோன்றும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அவள் ஊசியைப் பிடிக்கும் அதே கவனத்தோடு பொத்தானைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பெரும்பாலும் காத்துக்கொண்டேதான் இருந்தாள். மருத்துவர் காட்டிய தாளில் இடக்கண்ணின் வட்டம் முழுதும் கறுத்துக் கிடந்தது; வலக்கண்ணின் வட்டத்திலும் இடப்பாதி கறுத்திருந்தது.

“கண்ணுக்குள்ள அழுத்தம் கூடி நரம்பு வாடிப்போயிருக்கும்மா. போனது திரும்பாது. மிச்சம் இருக்குறதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாத்தப் பார்க்கலாம். வண்டி இனிமே வேணாம்,” என்றார் அவர்.

“ஆறு மாசம் முன்னாடியே வந்திருந்தா?”

மருத்துவர் தாளை மடித்தார். “இவ்வளவு போயிருக்காது.”

வெளியே வந்தபோது வெயில் கடுமையாக இருந்தது. மருத்துவமனைப் படிகளின் கீழே அகன்ற சாலை, ஓயாத வண்டிகள். “என்னை மன்னிச்சிடுங்கக்கா,” என்றாள் தையற்காரி. “அதை இப்பக் கேக்காத,” என்றாள் ஓட்டுநர், “எனக்கு மனசு வரல.” சொல்லிவிட்டுத் தனியே சாலையின் விளிம்புக்குப் போனாள். தலையை இடப்புறம் முழுதும் திருப்பிப் பார்த்தாள், வலப்புறம் பார்த்தாள், அதற்குள் இடப்புறத்தில் என்ன வந்திருக்குமோ என்று மீண்டும் திருப்பினாள். ஒரு காலை எடுத்து வைத்து, பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். பதினெட்டு ஆண்டுகள் ஊர்ப்பிள்ளைகளை எல்லாச் சாலைகளிலும் ஏற்றிச்சென்றவள், ஒரு சாலையின் ஓரத்தில் அப்படி நின்றாள். நெடுநேரங்கழித்து, தனக்கு இனி எதுவுமே இல்லாத அந்தப் பக்கத்தை நோக்கி, அங்கே ஆள் இருக்கிறதா இல்லையா என்பதும் தெரியாமல், இடக்கையை நீட்டினாள்.

தையற்காரி அங்கேதான் இருந்தாள். அந்தக் கையைப் பற்றினாள்.

“வண்டி வந்தா வருதுன்னு சொல்லு,” என்றாள் ஓட்டுநர், அவள் பக்கம் திரும்பாமலே. “வரலைன்னா வரலைன்னு சொல்லு. நான் பயப்படுவேன்னு பார்த்து எதையும் மாத்திச் சொல்லாத.”

“பஸ் வருதுக்கா. பெரிய பஸ். நில்லுங்க.”

நின்றார்கள். பேருந்து அவர்கள் முகத்தில் புழுதியை அடித்துவிட்டுக் கடந்து போயிற்று. பிறகு தையற்காரி சொன்னாள், இருவரும் நடந்தார்கள். ஓட்டுநர் அந்தக் கையைப் பற்றியிருந்தது நட்பினாலா, பற்றிக்கொள்ள வேறு கை இல்லாமையினாலா என்று என்னைக் கேளாதீர், படிப்போரே. அவளைக் கேட்டிருந்தாலும் அன்று அவளால் சொல்லியிருக்க முடியாது. மறுகரை சேரும் வரையில் தையற்காரி, வரும் வண்டியை வருதென்றும் வராததை வரலையென்றும் சொல்லிக்கொண்டே நடந்தாள்.